வீட்டு வளவுக் கோழிகளுக்கு ஏற்ற கூடும் அடைப்பும்

வன்னிப் பெருநிலத்திலே கோழி இல்லாத கமக்காரர் வளவைக் காண்பது அரிது. வயல் செய்யும் வீடாயினும், தோட்டஞ் செய்யும் வீடாயினும், நாலைந்து பேடுகளும் ஒரு சேவலும் முற்றத்திலே கிளறித் திரியக் காண்கின்றோம். சூடடித்த களத்தில் உதிர்ந்த நெல்லும், குறுநலும், அடுப்படிக் கழிவும், வேலியோரத்துப் புழுபூச்சிகளும் இவற்றுக்குத் தீனியாகின்றன. காசு கொடுத்து வாங்காத இத்தீனியை முட்டையாகவும் இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றித் தருவதால், கோழி சிறு குடும்பத்தின் உண்டியலாக விளங்குகின்றது. நெற்காசு ஆண்டிலே ஒரு முறையோ இரு முறையோ கைக்கு வரும். முட்டைக்காசு வாரந்தோறும் வரும். பிள்ளைகளின் கொப்பிக்கும், திடீரென நேரும் வைத்தியச் செலவுக்கும் உதவுவது பெரும்பாலும் இக்காசேயாம். 2022ஆம் ஆண்டு நாட்டில் பொருளாதார நெருக்கடி முற்றித் தீனி விலை ஏறியதையும், 2023ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் வளவிலே பத்துப் பேடுகள் வைத்திருந்தோர் தம் பிள்ளைகளுக்கு முட்டையில்லை என்று சொல்ல நேரவில்லை.

எனினும், ஒரு வீட்டிற்குச் சென்று, "எத்தனை கோழிகள் வளர்க்கின்றீர்கள்?" என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்வார்கள். "சென்ற ஆண்டில் எத்தனை கோழிகளை இழந்தீர்கள்?" என்று கேட்டாலோ, பல வீடுகளில் அத்தொகை முன்னையதிலும் பெரிதாயிருக்கும். மரநாய் தின்றது, கீரி கொண்டுபோயிற்று, மழையில் நனைந்து விறைத்தது, கழிச்சல் வந்து செத்தது எனக் காரணங்கள் பல கூறப்படும். இவற்றுட் பெரும்பாலானவை கோழி இரவிலே தங்கும் இடத்தின் குறையால் விளைபவை. இனத்தைப் பற்றியும் தீனியைப் பற்றியும் நாம் சிந்திக்கும் அளவுக்கு, கோழி உறங்கும் இடத்தைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

ஆதலால், கோழி வளர்க்கத் தொடங்குவோரும், வளர்த்து இழந்து மீண்டுந் தொடங்குவோரும் ஒன்றை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இரவுக்கூடு சிறிதாயினும் உறுதியாயிருத்தல் வேண்டும். பகலில் உலாவும் அடைப்பு எளியதாயினும் விசாலமும் நிழலும் உடையதாயிருத்தல் வேண்டும். கையிலுள்ள பணம் இரண்டிற்கும் போதாதாயின், இரவுக்கூட்டையே முன்னர் முடித்தல் நன்று.

ஓர் அனுபவம்

2009ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் வன்னியில் மீளக் குடியேறியபோது, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் பல கிராமங்களில் வழங்கப்பட்டன. அவ்வாறு குஞ்சுகளைப் பெற்று வளர்த்த குடும்பத் தலைவி ஒருவரை நான் அறிவேன். குஞ்சுகள் வளர்ந்து பதினொரு பேடுகளாகி முட்டையிடத் தொடங்கியதும், அவர் தம் சேமிப்பைக் கொடுத்துக் கம்பிவலையாற் செய்யப்பட்ட கூடொன்றை வாங்கினார். பார்வைக்கு அது மிக அழகியதாயிருந்தது. மேலே பளபளக்குந் தகரம், நாற்புறமும் இரண்டங்குலக் கண்வலை, அடியிலும் அதே வலை, கதவுக்குச் சிறு கொளுக்கி. ஏறியிருந்து உறங்குவதற்கு உள்ளே சட்டம் ஒன்றும் இல்லை. ஆதலால் கோழிகள் அடிவலையின் மேலேயே படுத்துறங்கின.

ஒரு மழையிரவில் மரநாய் வந்தது. அது கூட்டினுள் நுழையவேயில்லை. அடிவலையின் கண்களூடே கோழிகளின் கால்களைப் பற்றி இழுத்துக் கடித்தது. விடிந்தபோது ஆறு பேடுகள் செத்துக் கிடந்தன. அவ்வம்மையார் என்னிடஞ் சொன்னது இதுதான்: "கூடு இல்லாத காலத்தில் என் கோழிகள் மாமரத்திற் படுத்தன. அப்போது ஒன்றிரண்டுதான் போயின. கூடு வாங்கியபின் ஓரிரவில் ஆறு போயின." அவர் கூற்றில் உண்மையுண்டு. மரத்தில் உறங்குங் கோழிக்குத் தப்பியோட வழியுண்டு. பிழையான கூடு கோழியை அடைத்து வைத்துப் பகைக்குக் காட்டிக் கொடுக்கின்றது. கூடு இருப்பது மட்டும் போதாது. அது எப்படிப்பட்ட கூடு என்பதே கேள்வி.

இடந் தெரிதல்

வளவில் மழைநீர் தேங்காத மேடான இடத்தைத் தெரிந்துகொள்க. வன்னியிற் பெருமழை பெய்யுங் காலம் ஐப்பசி முதல் மார்கழி வரையாகும். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22ஆந் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை நினைவிற் கொண்டால், நிலத்தோடு ஒட்டிய கூடு வாய்க்கால் ஓரக் காணிகளுக்கு ஆகாதென்பது விளங்கும். கூடு வீட்டுக்கு அண்மையில், இரவிலே கோழி கத்தினால் காதிற் கேட்குந் தொலைவில் இருத்தல் வேண்டும். ஆயினும் கிணற்றருகில் அமைத்தல் கூடாது. எச்சம் மழைநீரோடு கசிந்து கிணற்று நீரைக் கெடுக்கும்.

கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமைதல் நன்று. அவ்வாறமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்தும், கோடையிற் சோளகம் தென்மேற்கிலிருந்தும் வீசுவதை யாவரும் அறிவர். இவற்றுள் கோழிக்குக் கேடு செய்வது மழையோடு கலந்த வாடையே. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 'மண்டௌஸ்' சூறாவளியையொட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. அத்துணைப் பெரிய விலங்குகளையே வீழ்த்திய காற்று நனைந்த கோழியை என் செய்யும் என்று கூறவேண்டுவதில்லை. ஆகவே கூட்டின் வடகிழக்கு மூலையைக் காற்றுப் புகாது மறைத்தல் வேண்டும்.

கூட்டின் அளவு

இன்றுள்ள கோழிகளை எண்ணிக் கூடு கட்டலாகாது. ஓர் ஊர்க்கோழி அடைகிடந்து குஞ்சு பொரித்தால், சில மாதங்களில் தொகை இரட்டிக்கும். எத்தனை கோழிகளை நிலையாக வைத்திருக்கக் கருதுகின்றீர்களோ அத்தொகைக்குக் கட்டுக.

பகலில் வெளியே உலாவி இரவில் மட்டும் அடையுங் கோழிக்கு இரண்டரைச் சதுர அடி தரை போதும். பகலிலும் உள்ளேயே அடைபடுங் கோழிக்கு நான்கு சதுர அடியேனும் வேண்டும். எனவே ஆறடி நீளமும் நான்கடி அகலமுங் கொண்ட கூடு, அதாவது 24 சதுர அடி, வெளியே உலாவும் ஒன்பது பத்துக் கோழிகளுக்கு ஏற்றதாகும். இடநெருக்கம் மிகுந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும். காற்றுக் கெட்டுச் சளிநோய் தோன்றும். சுத்தஞ் செய்பவர் குனிந்து கைநீட்டி எல்லா மூலைகளையும் தொடக்கூடியதாய் உயரம் அமைதல் வேண்டும். கைக்கெட்டாத மூலை ஒருபோதுஞ் சுத்தமாகாது.

தரை

தாழ்ந்த காணிகளுக்குக் கால்மேல் நிற்கும் கூடே சிறந்தது. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தளம் அமைக்க. பனஞ்சலாகையையோ கமுகஞ்சலாகையையோ முக்கால் அங்குல இடைவெளி விட்டு வரிசையாய் அறைந்தால், எச்சம் கீழே விழும். கோழியின் கால் சிக்காது. மரக்கால்களின் அடிப்பாகத்துக்குக் கழிவெண்ணெய் பூசினால் கறையான் அணுகாது. காலைச் சுற்றி ஒன்றரை அடி அகலத் தகரத்தை வழுவழுப்பாகச் சுற்றினால் எலியும் பாம்பும் ஏறுவது தடைப்படும். கோழிகள் ஏறும் ஏணியை இரவில் அகற்றிவிடுக.

நீர் தேங்காத மேட்டுக்காணியில் நிலத்திலேயே கூடு அமைப்போர் ஆழ்கூள முறையைக் கையாளலாம். நிலத்தை ஓரடி உயர்த்தி இறுக்கி, மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு நெல் உமியைப் பரப்புக. வாரத்துக்கு இரு முறையேனும் கிளறிவிடுக. கையில் எடுத்துப் பிடித்தால் உமி கட்டிபடாது உதிர வேண்டும். கட்டிபட்டால் ஈரம் மிகுந்ததென அறிந்து அவ்விடத்து உமியை மாற்றுக. நிலத்துக் கூட்டில், சுவரின் அடியிலிருந்து வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைத்து, நுனியை வெளிப்புறமாக வளைத்துவிடுதல் இன்றியமையாதது. நாயும் கீரியும் சுவரோரத்திலேயே தோண்டத் தொடங்கும் இயல்புடையன.

சுவரும் கதவும்

தளத்திலிருந்து ஓரடி உயரம் வரை நாற்புறமும் பலகையாலோ நெருக்கமான சலாகையாலோ அடைத்துவிடுக. இது கோழியின் மேல் நேரே காற்றடிப்பதையும் தடுக்கும். பகைப் பிராணிகள் கைவிட்டுப் பற்றுவதையும் தடுக்கும். அதற்கு மேற்பட்ட பகுதி காற்றோட்டத்துக்காகத் திறந்திருத்தல் வேண்டும். அங்கே அரையங்குலக் கண்ணுள்ள கட்டியான சதுரக் கம்பிவலையை அடித்தல் வேண்டும். கடைகளிற் கோழிவலை என விற்கப்படும் மெல்லிய அறுகோணக் கண்வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு உதவுமேயன்றி, மரநாயையும் நாயையும் வெளியே நிறுத்த உதவாது. இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே பலர் இழப்படைகின்றனர். அரையங்குல வலை விலை கூடியதாயினும், திறந்த பகுதிக்கு மட்டுமே வேண்டப்படுவதால் செலவு பெரிதாகாது.

மழைக்காலத்துக்கென வடக்கு, கிழக்குப் பக்கங்களிற் சாக்குப் படங்கைச் சுருட்டித் தொங்கவிட்டு, வேண்டும்போது இறக்குக. முற்றாக மூடிவிடுதல் கூடாது. காலையிற் கதவைத் திறந்ததும் உங்கள் கண் கரித்தால், கோழிக்கு இரவெல்லாங் கரித்தது என்பதை உணர்ந்து காற்றோட்டத்தைக் கூட்டுக.

கதவுக்குக் கயிறோ கொளுக்கியோ போதாது. தாழ்ப்பாளிட்டு அதன் துளையில் ஆணி செருகுக. பொழுது படுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல் வீட்டில் ஒருவரின் நிலையான பொறுப்பாயிருக்கட்டும்.

கூரை

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெப்பம் மிகும்போது வாயைத் திறந்து இளைத்தும், இறக்கையை விரித்துமே உடற்சூட்டைத் தணிக்கும். அந்நிலையில் தீனி உண்பது குறையும், முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். பங்குனி முதல் ஆவணி வரையுள்ள வெயிலிலே தாழ்ந்த தகரக்கூரையின் கீழ் கோழியை அடைத்து வைப்பது அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். கிடுகும் பனையோலையும் தகரத்தினுங் குளிர்ச்சியானவை; வளவிலேயே கிடைப்பவை. இரண்டாண்டுக்கொருமுறை மாற்றவேண்டியிருப்பதொன்றே அவற்றின் குறை. தகரம் இட்டே தீரவேண்டுமாயின் அதன்மேற் கிடுகைப் பரப்பிக் கட்டுக. கூரை சுவருக்கு வெளியே இரண்டடியேனும் நீண்டு தாழ்ந்திருந்தால் சாரல் உட்புகாது.

உறங்குசட்டமும் முட்டைப்பெட்டியும்

நமது காடுகளில் வாழும் காட்டுக்கோழி, இந்நாட்டின் தேசியப் பறவையாகும். அது பொழுதுபட்டதும் மரக்கிளையில் ஏறியே உறங்குகின்றது. வீட்டுக்கோழியின் மூதாதையான ஆசியச் சிவப்புக் காட்டுக்கோழியின் இயல்பும் அதுவே. ஆகவே உயரத்தில் ஏறியிருந்து உறங்குவது கோழியின் பிறவிக்குணம். கூட்டினுள் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டங்குல அகலமும் விளிம்பு மழுங்கியதுமான சட்டங்களைப் பொருத்துக. கோழியொன்றுக்கு ஒன்பது அங்குல நீளம் வேண்டும். மேற்கூறிய ஆறடிக் கூட்டில் நீளவாக்கிலே இரண்டு சட்டங்கள் பத்துக் கோழிகளுக்குத் தாராளமாகும். முதற் சட்டம் சுவரிலிருந்து ஓரடி தள்ளியும், மற்றையது அதிலிருந்து பதினைந்து அங்குலம் தள்ளியும் இருக்கட்டும். இரண்டும் ஒரே உயரமாயிருத்தல் வேண்டும். உயர்ந்ததும் தாழ்ந்ததுமாயின், உயர்ந்த இடத்துக்கு ஒவ்வோர் மாலையும் சண்டை நிகழும்.

நாலைந்து பேடுகளுக்கு ஒன்று வீதம், ஓரடி நீள அகல உயரமுள்ள முட்டைப்பெட்டி வைக்க. அது உறங்குசட்டத்தினுந் தாழ்ந்தும், ஒளி குறைந்த பக்கத்திலும் இருத்தல் வேண்டும். உயர்ந்திருந்தால் கோழிகள் அதிலேயே உறங்கி அசுத்தஞ் செய்யும். உள்ளே உலர்ந்த வைக்கோல் இடுக. அடைக்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் வேறொரு சிறு பெட்டி வைத்தல் நன்று. குஞ்சுகளைக் கரப்பினால் மூடிவைக்கும் பழைய வழக்கம் பகலுக்கு உகந்ததேயன்றி, இரவுக்குக் காவலாகாது.

பகல் அடைப்பு

காணி விசாலமாயும் அயலிலே தோட்டம் இல்லாமலும் இருந்தால், கோழிகளைப் பகலில் திரிய விடலாம். மரக்கறிச் செய்கை உள்ள இடத்தில் அது இயலாது. நாற்றுமேடையில் ஐந்து நிமிடம் கோழி கிளறினால் ஒரு மாத உழைப்பு வீணாகும். அயலாரோடு மனக்கசப்பும் உண்டாகும். ஆகவே அடைப்பு வேண்டும்.

கோழியொன்றுக்குப் பத்துச் சதுர அடிக்குக் குறையாத இடம் விடுக. பத்துக் கோழிகளுக்கு இருபதடி நீளமும் பத்தடி அகலமுமான அடைப்பை அமைத்து, நடுவே மறித்து இரு பாதிகளாக்குதல் மிகச் சிறந்தது. ஒரு பாதியில் கோழிகள் உலாவும்போது மற்றப் பாதியிற் புல் முளைக்கும். வெயில் பட்டு மண்ணிலுள்ள புழுமுட்டைகள் குறையும். மூன்று கிழமைக்கு ஒரு முறை மாற்றுக. வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால்கள் போதும். அவை நிழலுந் தரும். வெட்டிய குழை தோட்டத்துக்குப் பசளையுமாகும். வேலியின் உயரம் ஆறடியாயிருத்தல் வேண்டும். பருந்தும் காகமும் குஞ்சுகளைத் தூக்காதிருக்க, கரையோரத்தார் கழித்த பழைய மீன்வலையை மேலே விரித்துக் கட்டலாம். ஒரு மூலையிலே சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து இட்டால், கோழிகள் அதிற் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிழலில் இருக்கட்டும்.

தோட்டஞ் செய்வோருக்கு மற்றொரு வழியுமுண்டு. எட்டடி நீளம், நான்கடி அகலம், இரண்டரை அடி உயரத்தில், மெல்லிய மரச்சட்டமும் வலையுங் கொண்டு, இருவர் தூக்கக்கூடிய அடைப்பொன்று செய்க. அறுவடை முடிந்த பாத்தியின்மேல் அதை வைத்து, பகலிற் சில மணி நேரம் கோழிகளை உள்ளே விடுக. அவை களைவிதைகளையும் கூட்டுப்புழுக்களையும் கிளறித் தின்று, பாத்திக்கு எருவும் இடும். ஒரு பக்கத்தில் கிடுகு கட்டி நிழல் தருக. கிருமிநாசினி தெளித்த பாத்தியிலும், மருந்திட்ட விதைநெல் சிந்திய இடத்திலும் ஒருபோதும் விடலாகாது. இவ்வடைப்பு பகலுக்கு மட்டுமே உரியது. இரவிற் கோழிகள் கூட்டுக்கே திரும்பவேண்டும்.

எரு

ஒரு பேடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கிராம் எச்சமிடும். இரவில் விழும் பங்கு உயர்ந்த கூட்டின் கீழ் ஓரிடத்திற் சேரும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, கோழி எருவின் அருமையை யாவரும் உணர்ந்தோம். ஆனால் பச்சை எரு பயிரின் வேரைக் கருக்கும். கீரை முதலியவற்றில் நோய்க்கிருமியையும் சேர்க்கும். உமி, சருகு, சாம்பல் ஆகியவற்றோடு கலந்து கும்பியாக்கி, இடையிடையே புரட்டி, இரண்டு மூன்று மாதம் மக்கியபின் இடுக.

நோய்க்காவல்

எவ்வளவு நல்ல கூடாயினும் இராணிக்கெட் நோயை அது தடுக்காது. தடுப்பூசி ஒன்றே அதற்கு வழி. உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உரிய காலத்தில் இடுவிக்க. புதிதாக வாங்கிய கோழியை இரு கிழமையேனும் வேறாக வைத்துப் பார்த்தபின்னரே கூட்டிற் சேர்க்க. சட்டங்களின் மூட்டுகளிற் சிற்றுண்ணிகள் பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும். மூட்டுகளை மாதமொருமுறை சுரண்டிச் சுத்தஞ்செய்து, ஆண்டுக்கிருமுறை கூடு முழுவதற்கும் சுண்ணாம்பு பூசுக.

செய்து விற்கப்படும் கூட்டை வாங்குவோர் கவனிக்க

1. "இத்தனை கோழிக்கு" என்று சொல்வதை நம்பாது, தரையை அளந்து இரண்டரையால் வகுத்துப் பார்க்க.
2. அடித்தளம் வெறும் வலையாயின், சலாகைத் தளம் இட இடமுண்டா என்று பார்க்க.
3. உறங்குசட்டம் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் உள்ளதா?
4. வலையின் கண் அரையங்குலத்துக்கு மேற்படாதிருக்கிறதா?
5. தாழ்ப்பாளை விரலால் அசைத்துப் பார்க்க. தானே திறந்தால் மரநாயும் திறக்கும்.
6. எல்லா மூலைகளுக்கும் கை எட்டுமா?
7. கூரையின் மேல் கிடுகு கட்ட வசதியுண்டா?

இவற்றுள் இரண்டு மூன்று குறையிருப்பின், அப்பணத்துக்கு வலையும் சலாகையும் ஆணியும் வாங்கி, ஊர்த் தச்சரைக் கொண்டு வளவிலேயே கட்டுவித்தல் மேலானது. காட்டுமரம் வெட்ட அனுமதி வேண்டுமாதலால், வளவிலுள்ள பனை, தென்னை, வேம்பு ஆகியவற்றையே பயன்படுத்துக.

முன்னர்க் கூறிய அம்மையார் வாங்கிய கூட்டை எறிந்துவிடவில்லை. அதனை இரண்டரை அடிக் கால்களின்மேல் ஏற்றினார். அடிவலையின்மேல் பனஞ்சலாகை பரப்பினார். உள்ளே சட்டம் இட்டார். பக்கங்களின் அடியைப் பலகையால் அடைத்து, மேலே அரையங்குல வலை அடித்தார். தகரத்தின்மேற் கிடுகு கட்டி, கொளுக்கியை நீக்கித் தாழ்ப்பாள் போட்டார். எஞ்சிய ஐந்து பேடுகளிலிருந்து மீண்டுந் தொடங்கினார். மரநாய் அதன் பின்னரும் வந்தது. கூட்டின் கீழே ஈரமண்ணில் அதன் காலடிகளை அவர் எனக்குக் காட்டினார். மேலே கோழிகள் குறையவில்லை.

வரும் மாரிக்கு முன்னர், ஒருநாள் மாலையிலே கோழிகள் அடைந்தபின், விளக்கோடு சென்று உங்கள் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். கைவிரல் நுழையும் இடங்களையும், காற்று நேரே புகும் பக்கத்தையும், ஆடும் தாழ்ப்பாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே அவற்றைத் திருத்துங்கள்.